உடைக்காமல் ஓட்டைக் காண்பது எப்படி?

தேங்காய்க் கடையில் காய் பொறுக்கப் போகும் எவரும், கடைக்காரர் ஒரு காயை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து, பிறகு விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டி, "இதை எடுத்துக்கொண்டு போங்கள் ஐயா, பருப்பு கெட்டியாக இருக்கும்" என்று தீர்ப்புக் கூறுவதைப் பார்த்திருப்பார்கள். ஆட்டும்போது நீர் தளும்பினால், உள்ளே நீரோடு கொஞ்சம் காற்றும் இருக்கிறது என்பது பொருள். இளநீர்க் காயில் காற்றுக்கு இடமே இல்லாமல் நீர் நிறைந்திருப்பதனால் அது தளும்புவதில்லை. கண்ணால் காணாத ஒன்றைக் காதால் கேட்டு நிச்சயிக்கும் இந்த வித்தையை நம் தர்க்க சாஸ்திரிகள் அநுமானம் என்ற தலைப்பில் சேர்ப்பார்கள். ஆனால் அதே கடைக்காரரிடம், "உள்ளே ஓடு எந்த இடத்தில் முடிகிறது, பருப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது, அந்த எல்லையின் வடிவத்தை ஒரு படமாக வரைந்து காட்ட முடியுமா?" என்று கேட்டால், அவர் நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உடைத்தால் தெரிந்துவிட்டுப் போகிறது" என்பார். நியாயமான பதில்தான். உடைக்கக் கூடாத பொருள்களின் விஷயத்தில் மட்டும் அது செல்லாது. மனிதனுடைய மண்டையோடு அப்படிப்பட்ட ஒரு பொருள்.

மண்டையோட்டை உடைக்காமல் உள்ளே பார்க்கும் யந்திரத்தை அமைத்தவர் இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. என்ற கம்பெனியில் பொறியாளராக இருந்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியன்று, லண்டனைச் சேர்ந்த விம்பிள்டனில் உள்ள அட்கின்ஸன் மார்லி ஆஸ்பத்திரியில், ஒரு நோயாளியின் தலை முதன்முதலாக இந்த யந்திரத்தினுள் வைத்துப் படம் எடுக்கப்பட்டது. பல கோணங்களிலிருந்து எக்ஸ் கிரணங்களைச் செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கிரணம் உள்ளே தடுக்கப்பட்டது என்று அளந்து, அந்த அளவுகளையெல்லாம் கணிப்பொறியிடம் ஒப்படைத்து, 'இத்தகைய அளவுகள் கிடைக்க வேண்டுமானால் உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு தடை இருந்திருக்க வேண்டும்?' என்று பின்னோக்கிக் கணக்கிடச் சொல்வதே இன்று நாம் ஸி.டி. ஸ்கேன் என்று வழங்கும் முறையின் சாரம். 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டும், இதன் கணிதத்தைத் தனியே கண்டறிந்த அல்லன் கார்மாக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

யந்திரம் நமக்குத் தருவது படம் என்று நினைத்தால் தவறு. அது தருவது எண்களின் குவியல். தலையைக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக அரிந்ததாகப் பாவித்து, ஒவ்வொரு வில்லையையும் பொடிப்பொடியான கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்ணை அது எழுதிவைக்கிறது. வில்லைக்குக் கொஞ்சம் தடிப்பும் உண்டாகையால், ஒவ்வொரு கட்டமும் உண்மையில் ஒரு சிறு கனவடிவம். இதைக் கனத்துணுக்கு என்று அழைப்போம். எண்ணின் அளவுகோல் ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரைத் தாங்கியது: தண்ணீருக்குப் பூஜ்யம், காற்றுக்குக் கழித்தல் 1000, நல்ல கெட்டியான எலும்பு 1000 என்ற எண்ணையும் தாண்டும். தொடக்கத்தில் ஒரு வில்லைக்குப் பக்கத்துக்கு 80 கட்டங்களே இருந்தன. இப்போது 512-க்கு 512 என்பது சாதாரணம். வில்லைகளும் 512 என்று கொண்டால், ஒரு தலைக்குக் கிடைக்கும் எண்கள் 13,42,17,728.

பதின்மூன்று கோடி எண்களில் ஒன்றுகூட 'இதுதான் எலும்பின் எல்லை' என்று சொல்லுவதில்லை. ஏரியை நினைத்துப் பாருங்கள். ஏரியின் படுகை மேடும் பள்ளமுமாக எப்போதும் ஒரே மாதிரிதான் கிடக்கிறது. கரையோரம் என்று நாம் சுட்டுகிற கோடு மட்டும், நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஐப்பசியில் ஓரிடத்திலும் சித்திரையில் வேறோர் இடத்திலுமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதுபோலவே, 300 என்றோ 400 என்றோ ஒரு வரம்பெண்ணை நாம் தீர்மானித்து, 'இதற்கு மேற்பட்டதெல்லாம் எலும்பு, கீழ்ப்பட்டதெல்லாம் எலும்பல்ல' என்று சொன்ன பிறகுதான் எலும்புக்கு ஓர் எல்லை பிறக்கிறது. வரம்பெண்ணை மாற்றினால் எல்லையும் நகரும். வரம்பெண்ணுக்குச் சரியாகச் சமமான மதிப்புள்ள இடங்களெல்லாம் சேர்ந்து உருவாகும் இந்த வளைந்த பரப்புக்குச் சமமதிப்புப் பரப்பு என்று பெயர்.

இதிலே ஒரு வஞ்சனையும் உண்டு. ஒரு துணுக்கின் பாதி எலும்பிலும் பாதி காற்றிலும் கிடந்தால், யந்திரம் இரண்டையும் கலந்து நடுவான ஓர் எண்ணை எழுதிவிடும். அந்த நடுவெண் சில சமயம் தசையின் எண்ணாக அமைந்துவிடும். மூக்கை அடுத்த எலும்பறைகளில் எலும்பும் காற்றும் நேரே சந்திக்கும் இடங்களில், இல்லாத ஒரு மெல்லிய தசைப் படலம் இருப்பதுபோல் தோன்றுவது இதனால்தான். பிரத்தியட்சமே பொய் சொல்லக்கூடும் என்று வேதாந்திகள் எச்சரிப்பதை இத்தொழிலில் இருப்பவர்கள் தினமும் அநுபவிக்கிறார்கள்.

சரி, வரம்பெண்ணைத் தீர்மானித்துவிட்டோம். பரப்பை வரைவது எப்படி? வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம். சதுரமாக நான்கு புள்ளிகள். வரம்பெண்ணுக்கு மேற்பட்ட புள்ளியை அரிசி மாவாலும், கீழ்ப்பட்டதைச் செம்மண்ணாலும் வைத்ததாகக் கொள்வோம். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளில் ஒன்று வெள்ளை, மற்றொன்று சிவப்பு என்றால், எல்லைக்கோடு அவற்றின் நடுவே எங்கேயோ ஓடியாக வேண்டும். ஒரு புள்ளியின் எண் 200, அடுத்ததன் எண் 500, வரம்பெண் 300 என்றால், முதற்புள்ளியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கோடு குறுக்கிடுகிறது என்று கொள்வது நியாயம். நான்கு புள்ளிகளுக்கும் நிறம் வைக்கக்கூடிய வகைகள் 16. அந்தப் பதினாறுக்கும் கோடு எப்படிப் போகும் என்று ஒரு முறை எழுதிவைத்துக்கொண்டால், எத்தனை பெரிய கோலமானாலும் ஒவ்வொரு சதுரமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டே போகலாம்.

கனவடிவத்தில் சதுரத்துக்குப் பதில் கனசதுரம். அதற்கு மூலைகள் எட்டு, நிறம் வைக்கும் வகைகள் 256. அமெரிக்காவில் ஷெனெக்டடி நகரத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் பணியாற்றிய வில்லியம் லோரென்ஸனும் ஹார்வி க்ளைனும், திருப்பிப் போட்டால் ஒன்றாகிவிடுபவற்றையும் நிறம் மாற்றினால் ஒன்றாகிவிடுபவற்றையும் சேர்த்து, 256-ஐ 15 மாதிரிகளாகச் சுருக்கி, ஒவ்வொரு மாதிரிக்கும் உரிய முக்கோணங்களை அட்டவணையாக்கி, 1987-இல் வெளியிட்டார்கள். மார்ச்சிங் க்யூப்ஸ், அதாவது அணிநடை போடும் கனசதுரங்கள் என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். ஒரு கனசதுரம் முடிந்ததும் அடுத்ததற்கு நகர்ந்து, வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருப்பதனால் அந்தப் பெயர். அட்டவணையில் ஒரு சிறு ஓட்டையும் இருந்தது: ஒரு முகத்தில் எதிரெதிர் மூலைகள் இரண்டு வெள்ளையாகவும் மற்ற இரண்டும் சிவப்பாகவும் அமைந்தால் கோட்டை இரண்டு விதமாகப் போடலாம், பக்கத்துப் பக்கத்துக் கனசதுரங்கள் ஆளுக்கொரு விதமாகப் போட்டுவிட்டால் பரப்பில் துளை விழும். அடுத்த ஆண்டே மார்ட்டின் டூர்ஸ்ட் என்பவர் அதைச் சுட்டிக்காட்டினார். பிறகு அட்டவணையும் திருத்தப்பட்டது.

இங்கே கோலம் போட்ட கைகள் ஒரு கேள்வி கேட்கும். பதின்மூன்று கோடிக்குச் சற்று மேலாகவே கனசதுரங்கள் இருக்கின்றன. அவற்றில் எத்தனையில் எல்லை ஓடுகிறது? தலைக்கு வெளியே இருப்பவை வெறும் காற்று. எட்டு மூலையும் சிவப்பு. கெட்டி எலும்பின் நடுவே இருப்பவற்றில் எட்டு மூலையும் வெள்ளை. இவற்றுள் முக்கோணமே பிறப்பதில்லை. எனினும் அணிநடை யந்திரம் ஒவ்வொன்றின் வாசலிலும் நின்று, எட்டு மூலையையும் விசாரித்து, ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டுதான் நகரும். பெட்டியின் ஆறு முகங்களையும் சேர்த்தால்கூடச் சிறு சதுரங்கள் 15,72,864-தான். அது முழுக் கனத்தில் 85-இல் ஒரு பங்கு. எல்லை என்பது பரப்பைப் போன்றது, அகத்தைப் போன்றதன்று; தோலைத் தேடுகிறவன் சதை முழுவதையும் துழாவ வேண்டுமா?

வேண்டாம் என்று சட்டென்று தோன்றுகிற உபாயம் ஒன்று உண்டு. பெரிய பெரிய பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியின் எட்டு மூலையை மட்டும் பார்த்து, எட்டும் ஒரே நிறமாக இருந்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று தள்ளிவிடலாமே? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நாம் தலைமுறை தலைமுறையாக நம்பிவரும் நீதி. சோற்றுக்கு அது சரி. ஒரே கொதியில் வெந்த அரிசி ஒன்றைப்போல் மற்றொன்று இருக்கும். எல்லையின் விஷயத்தில் அது முழுத் தவறு. கண்குழியின் உட்சுவரில் உள்ள எலும்பு அவ்வளவு மெல்லியதாக இருப்பதனால், உடற்கூற்று நூலார் லத்தீனில் அதற்குக் காகிதத் தகடு என்ற பொருளிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிய பெட்டியின் எட்டு மூலைகளும் அந்தத் தகட்டுக்கு வெளியே விழுந்து, தகடு நட்டநடுவே ஊடுருவிப் போயிருந்தால், மூலைகளை நம்பிய யந்திரம் கண்குழிக்குச் சுவரே இல்லை என்று வைத்தியரிடம் சாதிக்கும். ஆகவே நமக்கு வேண்டியது மாதிரி பார்க்கும் திறமையன்று. திறக்காமலே ஒரு பெட்டியில் எல்லை இல்லை என்று ஐயமறச் சொல்லும் பிரமாணம். எல்லையைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியமெல்லாம், எல்லை இல்லாத இடங்களைச் சந்தேகத்துக்கு இடமின்றித் தள்ளுவதில்தான் இருக்கிறது.

இந்தப் பிரமாணத்தைத் தருவது ஒரு மரம். கணிப்பொறி சாஸ்திரத்தில் மரம் என்றால் தரவுகளைக் கிளை கிளையாகப் பிரித்து அடுக்கும் ஒரு கட்டமைப்பு. அதன் வேர் உச்சியிலும் இலைகள் அடியிலுமாக வரைவது வழக்கம். மேலே வேரும் கீழே கிளையுமாக நிற்கும் அசுவத்த மரத்தைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றாது. முழுத் தலையையும் அடக்கிய ஒரே பெரிய கனசதுரம் வேர். அதை நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி என்று வெட்டினால் எட்டுத் துண்டு. அவை வேரின் எட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையையும் மறுபடி எட்டாக வெட்டலாம். 512 என்ற பக்கம் ஒன்பது முறை பாதியானால் ஒன்றாகிவிடும். ஆகவே ஒன்பது தலைமுறையில் அடித்துணுக்கை எட்டிவிடுகிறோம். கிளை பிரியும் ஒவ்வோர் இடத்தையும் கணு என்று சொல்வது பொருத்தமாக இருக்கும். மூங்கிலுக்கும் கரும்புக்கும் நாம் வழங்குகிற சொல்தான். மரத்துக்கு எண்கிளை மரம் என்று பெயர் வைக்கலாம். 'எண்' என்பதற்கு எட்டு என்ற பொருளோடு இலக்கம் என்ற பொருளும் இருப்பதனால், எட்டெட்டாகக் கிளைத்து இலக்கங்களைச் சுமக்கும் இந்த மரத்துக்குத் தமிழ் தற்செயலாக இரட்டிப்பு நியாயம் செய்துவிடுகிறது. சமதளத்துப் புள்ளிகளை நான்கு நான்காகப் பிரித்து அடுக்கும் நாற்கிளை மரத்தை ராஃபேல் ஃபிங்கெலும் ஜான் பென்ட்லியும் 1974-இல் எழுதினார்கள்; கனவடிவங்களை எண்கிளை மரமாக்கிக் கையாளும் முறையை 1980-இல் டொனால்டு மீகர் விரித்துரைத்தார்.

மரம் நின்றுவிட்டால் போதாது. ஒவ்வொரு கணுவிலும் என்ன எழுதிவைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு கணுவும் தன் பெட்டிக்குள் அடங்கிய எல்லா எண்களிலும் மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது என்ற இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதை மேலிருந்து ஊகித்து எழுதக் கூடாது. கீழிருந்து கணக்கெடுத்து ஏற்ற வேண்டும். அந்தக் காலத்தில் கிராம முனிசீப்பு தன் கிராமத்துக் கணக்கைத் தாசில்தாரிடம் கொடுக்க, தாசில்தார் தம் தாலுகாவின் கணக்கைக் கலெக்டரிடம் கொடுத்ததுபோல, எட்டுப் பிள்ளைகளின் சிறுமைகளில் சிறியதையும் பெருமைகளில் பெரியதையும் தந்தைக்கணு எடுத்துக்கொள்ள, அதை அதன் தந்தை எடுத்துக்கொள்ள, இப்படியே வேர் வரையில் போகும்.

இனி நாம் 300 என்று கேட்கிறோம். ஒரு கணுவின் மிகப் பெரிய எண்ணே 120 என்றால், அந்தப் பெட்டிக்குள் 300-ஐத் தொடும் துணுக்கு எதுவும் இருக்க முடியாது; பெட்டிக்குள் லட்சம் துணுக்குகள் இருந்தாலும் ஒரே பார்வையில் தள்ளிவிடலாம். மிகச் சிறிய எண்ணே 450 என்றாலும் அப்படித்தான். சிறியது 120, பெரியது 450 என்று வந்தால் மட்டும் திறக்க வேண்டும். ஏனென்றால் ஒருவர் இக்கரையிலும் மற்றவர் அக்கரையிலும் நிற்கிறார்கள் என்றால் நடுவே எங்கேயோ ஆறு ஓடியே தீரும். காகிதத் தகடு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், அது யந்திரத்தின் எண்களில் ஒரு துணுக்கிலாவது பதிந்திருக்குமானால், அந்தத் துணுக்கின் எண் தலைமுறை தலைமுறையாக மேலே ஏறி வேர் வரையில் தன் சாட்சியத்தைச் சொல்லிக்கொண்டே போகும். பதம் பார்த்தலுக்கும் பிரமாணத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஒரு சிறு ஜாக்கிரதை. நம் கனசதுரங்களின் மூலைகளே எண்களாகையால், பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளுக்கு இடையே உள்ள எண்கள், இரு நிலங்களுக்கு நடுவே உள்ள வரப்பைப்போல் இருவருக்கும் பொது. பெட்டியின் கணக்கை எடுக்கும்போது வரப்பின் எண்களை 'அது அடுத்தவனுடையது' என்று இருவரும் விட்டுவிட்டால், சரியாக வரப்பிலேயே ஓடுகிற எல்லை எவர் கணக்கிலும் சேராமல் தப்பிவிடும். இரண்டு பேரும் எழுதிக்கொள்வதில் நஷ்டமில்லை.

கலிபோர்னியா சர்வகலாசாலையின் சாண்டா குரூஸ் பிரிவைச் சேர்ந்த ஜேன் வில்ஹெம்ஸும் ஆலன் வான் கெல்டரும் 1992-இல் இம்முறையை விரிவாக எழுதினார்கள். வில்லைகளின் தொகை 512 போல் ஒழுங்காகப் பாதியாகிக்கொண்டே போகும் எண்ணாக எப்போதும் அமைவதில்லை. அப்படி அமையாதபோது வெற்றுக் கிளைகளை வளர்த்து இடத்தை வீணாக்காமல், தேவைப்படும் இடத்தில் மட்டும் கிளைக்கும் மரத்தையும் அவர்கள் அமைத்துக் காட்டினார்கள். இம்முறையின் பெரிய லாபம், வரம்பெண்ணை மாற்றினாலும் மரத்தை மாற்ற வேண்டாம் என்பது. வைத்தியர் முதலில் எலும்பைக் கேட்டு, பிறகு தோலைக் கேட்டால், அதே கணுக்களில் அதே இரண்டு எண்களோடு புதிய வரம்பெண்ணை ஒப்பிட்டால் போதும். மரத்தை நட ஒரு முறை செலவாகிறது என்பது உண்மை. பதின்மூன்று கோடி எண்களையும் ஒரு தடவையாவது தொட்டுத்தான் தீர வேண்டும். ஆனால் இடச்செலவு அதிகமில்லை: கிளை பிரியும் கணுக்கள் எல்லாம் சேர்ந்து 1,91,73,961, துணுக்குகளில் ஏழில் ஒரு பங்கு.

எல்லை தேடும் செலவு எவ்வளவு? வேரில் ஒரு பெட்டி திறக்கிறோம். அடுத்த மட்டத்தில் எல்லை தொடுகிற பெட்டிகளை மட்டும் திறக்கிறோம். ஒவ்வொரு மட்டம் இறங்கும்போதும் பெட்டியின் பக்கம் பாதியாகிறது. பரப்பைப் போர்த்த வேண்டிய பெட்டிகள் ஏறத்தாழ நான்கு மடங்காகின்றன, எட்டு மடங்காக அல்ல. பரப்புக்கு நீளமும் அகலமும்தான் உண்டு, ஆழம் இல்லை. கீழிருந்து மேலே பார்த்தால், கடைசி மட்டத்தில் செலவு ஒரு ரூபாய் என்றால் அதற்கு மேல்மட்டத்தில் நாலணா, அதற்கும் மேலே ஓரணா, அப்புறம் காலணா என்று தேய்ந்துகொண்டே போய், மேல்மட்டங்கள் அனைத்தும் சேர்ந்து ஐந்தணா நாலு தம்பிடிக்கு மேல் போகாது. கனத்தின் செலவில் தொடங்கிய காரியம் பரப்பின் செலவில் முடிந்துவிடுகிறது. சமதளத்து உருவங்களின் நாற்கிளை மரத்துக்கு, கணுக்களின் தொகை உருவத்தின் விஸ்தீரணத்தை அன்றிச் சுற்றளவை ஒட்டியே வளரும் என்பதை ஹன்டரும் ஸ்டைக்லிட்ஸும் 1979-இல் நிறுவினார்கள். கனவடிவத்தில் சுற்றளவின் இடத்தில் மேற்பரப்பு நிற்கிறது. யந்திரத்தின் நுண்மையை இரட்டிப்பாக்கினால் துணுக்குகள் எட்டு மடங்காகும். தேடும் வேலை மட்டும் நான்கு மடங்கோடு நின்றுவிடும்.

முக்கோணங்களை வெட்டியாயிற்று, தைக்க வேண்டும் அல்லவா? ஒரு கனசதுரத்தின் விளிம்பை அதைச் சூழ்ந்த நான்கு கனசதுரங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. விளிம்பை எல்லை குறுக்கிடும் புள்ளி நால்வருக்கும் ஒன்றே என்று பதிவு செய்தால்தான் முக்கோணங்கள் தைத்த துணியாகும்; இல்லாவிட்டால் கிழிசல்களின் குவியல். இதற்கு ஒவ்வொரு பெட்டியும் தன் அண்டைவீட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டிக்கு விலாசம் வைப்பது சுலபம்: எட்டுப் பிள்ளைகளுக்கு 0 முதல் 7 வரை இலக்கமிட்டு, வேரிலிருந்து இறங்கி வந்த வழியை ஒன்பது இலக்கமாக எழுதினால், அது 1972-இல் நம் தபால் இலாகா கொண்டுவந்த பின்கோடு போலவே ஆகிவிடுகிறது, முதல் இலக்கம் பெரும் பிரதேசத்தையும், பின்னிலக்கங்கள் அதற்குள் அதற்குள்ளாகச் சிறு வட்டாரங்களையும் குறிக்கும். தபால் இலாகாவுக்கு ஆறாண்டு முன்னரே, 1966-இல், கனடாவின் நிலப்படங்களை அடுக்கிவைப்பதற்காக ஒட்டாவாவில் ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த மார்ட்டன் இத்தகைய விலாச வரிசையை வகுத்திருந்தார்.

அண்டைவீட்டைக் கண்டுபிடிப்பதுதான் கொஞ்சம் சுவாரஸ்யமானது. மரத்தில் சகோதரர்களாக இருப்பவர்கள் அண்டையில் இருப்பது இயல்பு. ஆனால் ஒரே சுவரை ஒட்டி வாழும் இரண்டு வீட்டுக்காரர்கள், வம்சாவளியில் மிகவும் தள்ளிப்போன பங்காளிகளாகவும் இருக்கலாம். தலையின் சரிபாதியில் விழுந்த முதல் வெட்டின் இருபுறமும் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு துணுக்குகளுக்கு, ஒன்பது தலைமுறை மேலே ஏறி வேரைத் தொட்டால்தான் பொதுப்பாட்டன் அகப்படுவான். இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் பேச உட்கார்ந்தால் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? 'உங்கள் அப்பா யார், அவர் அப்பா யார்' என்று பொதுமூதாதையை எட்டும்வரை ஏறி, பிறகு மறுகிளை வழியே இறங்கி வருகிறார்கள். மேரிலாந்து சர்வகலாசாலையின் ஹனான் ஸமேத் 1982-இல் நாற்கிளை மரத்துக்கு எழுதிய முறை ஏறக்குறைய இதுவேதான்: எந்தத் திசையில் அண்டையைத் தேடுகிறோமோ அந்தத் திசைக்கு எதிர்ப்புறப் பிள்ளையாக ஒரு கணு வாய்க்கும் வரையில் ஏறி, ஏறிய வழியைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம்வலம் மாற்றி இறங்கினால், அண்டைவீட்டு வாசலில் போய் நிற்போம்.

எல்லாவற்றுக்கும் இந்த மரம் சிக்கனம் தருமா என்றால், தராது; தேங்காயே அதற்கும் சாட்சி. உரித்த காயை யந்திரத்தில் வைத்தால், வழவழப்பான ஓட்டின் எல்லை சில பெட்டிகளில் அடங்கிவிடும். மட்டையோடு வைத்தாலோ, நாருக்கும் நாருக்கும் நடுவே காற்று, காற்றுக்கும் காற்றுக்கும் நடுவே நார். எந்தப் பெட்டியைத் தொட்டாலும் சிறுமை இக்கரையிலும் பெருமை அக்கரையிலும் நிற்கும். எல்லாப் பெட்டியும் திறக்கப்பட்டு, மரம் நட்ட செலவும் தெண்டமாகும். பரப்பு கனத்தை நிறைத்துவிடுகிற இடத்தில் பரப்புக்கும் கனத்துக்கும் வித்தியாசம் ஏது? குறைந்த கிரணத்தில் எடுத்த, இரைச்சல் மலிந்த படங்களும் இப்படித்தான் நார் நாராக இருக்கும். அவற்றைக் கொஞ்சம் மழுக்கி எடுத்துக்கொண்டு மரம் நடுவது வழக்கம். மழுக்கினால் காகிதத் தகடும் சேர்ந்து மழுங்கும் என்பது வைத்தியர்களுக்கும் பொறியாளர்களுக்கும் இடையே தீராத வழக்கு.

வந்த பரப்பு சரியானது என்று எப்படி நம்புவது? விட்டம் தெரிந்த ஓர் உருண்டையை யந்திரத்தில் வைத்து, கிடைத்த பரப்பு அடைக்கும் கனபரிமாணத்தை உண்மையோடு ஒப்பிடுவது ஒரு வழி. பரப்பைப் பார்க்காமலே, வெறும் எண்ணிக்கையால் சோதிப்பது மற்றொரு வழி. எனக்கு இதன்மேல்தான் பிரீதி அதிகம். முதலில், ஒவ்வொரு முக்கோணத்தின் ஒவ்வொரு விளிம்பும் சரியாக இரண்டு முக்கோணங்களுக்குப் பொதுவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓரிடத்திலாவது ஒன்றுக்கே உரியதாக இருந்தால் அங்கே கிழிசல். பிறகு, 1750-இல் பெர்லினில் இருந்த ஆய்லர் தம் நண்பர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் கண்ட விதியைக் கையில் எடுக்கலாம்: முனைகளை எண்ணி, அதிலிருந்து விளிம்புகளைக் கழித்து, முகங்களைக் கூட்டினால், துளையின்றி மூடிய பரப்பு ஒவ்வொன்றுக்கும் விடை இரண்டு, முக்கோணங்கள் பத்தானாலும் பத்து லட்சமானாலும் இரண்டேதான்.

ஓட்டின் எண்களை மட்டும் பிரித்தெடுக்கும்படி வரம்பெண்ணை வைத்து ஒரு தேங்காயைச் சோதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுக்கு வெளிப்பரப்பு ஒன்று, உட்பரப்பு ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் மூடிக்கிடக்கின்றன. ஆகவே கணக்கின் விடை நான்காக வரவேண்டும். ஆனால் தேங்காய்க்கு மூன்று கண்கள் உண்டு; அவற்றில் ஒன்று, முளை வெளிவருகிற கண், குச்சியால் குத்தினாலே திறந்துகொள்ளும் அளவுக்கு மிருதுவானது. வரம்பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போனால், ஏதோ ஓர் எண்ணில் அந்த மெல்லிய கண் 'ஓடல்ல' என்று தள்ளப்பட்டு, வெளிப்பரப்பும் உட்பரப்பும் அதன் வழியே கைகோத்து ஒரே பரப்பாகிவிடும். நான்காக இருந்த விடை அந்தக் கணமே இரண்டாக இறங்கும். மேலும் உயர்த்தி இரண்டாவது கண்ணும் திறந்தால் விடை பூஜ்யம். மூன்றும் திறந்தால் கழித்தல் இரண்டு. படத்தை ஒருவரும் பார்க்கவில்லை. காயை ஒருவரும் உடைக்கவில்லை. எத்தனை கண் திறந்திருக்கிறது என்பதை மட்டும் யந்திரம் கழித்துக் கூட்டிச் சொல்லிவிடுகிறது.